நன்கொடைக்காக ஆற்றில் நெடுந்தூரக் கயாக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் நண்பனும் ஆளுக்கொரு கயாக்கில் (இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு), 22 நாளில், ஓர் ஆற்றில் 640 கிலோமீட்டர் இறங்கி வருவதாகத் திட்டம் போட்டோம். ஓட்டியது 612. மீதி 28 ஏன் விட்டுப்போனது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்காகப் பணம் திரட்டத்தான் போனோம். என் அப்பாவின் கடைசி ஐந்து வாரங்கள் அங்கேதான் கழிந்தன. திரும்பி வந்ததிலிருந்து, அடுத்து இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

நடக்கலாம், சைக்கிளில் போகலாம். எதற்கு ஆறு?

எதைச் செய்தாலும் பணம் திரட்டலாம், அதில் சந்தேகமில்லை. ஆற்றில் ஒரு வசதி என்னவென்றால், பணம் கொடுத்தவர்கள் வீட்டில் இருந்தபடியே உங்கள் கூட வர முடியும். இன்று எந்தப் பாலம் தாண்டினார்கள், எந்தக் கிளையாறு வந்து சேர்ந்தது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். டான்யூப் ஆற்றில் கருங்கடல் ஓரம் சுலினா என்ற இடத்தைப் பூஜ்யமாக வைத்து அங்கிருந்து மேல்நோக்கிக் கிலோமீட்டர் எண்ணுகிறார்கள், அதனால் இறங்கி வருபவருக்குக் கரையில் தெரியும் எண் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உங்கள் ஆற்றில் அப்படிப் பலகை இல்லாவிட்டாலும் நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு தினமும் ‘இன்னும் இத்தனை’ என்று எழுதுங்கள். எங்களுக்கு வந்த செய்திகளில் பாதி அந்த எண்ணைக் கேட்டு வந்தவைதான்.

எவ்வளவு தூரம் போனால் நெடுந்தூரம்?

அதற்கு விதி எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் டிவைசஸ் ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 1948 முதல் நடக்கும் படகுப் போட்டி சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். நன்கொடை திரட்டிக்கொண்டு அதில் கலந்துகொள்பவர்கள் நிறைய. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் பல ஆண்டுகள் நடந்த போட்டி 404 கிலோமீட்டர், கனடாவின் யூக்கான் ஆற்றில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை 715. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஹெலன் ஸ்கெல்டன் 2010இல் ஸ்போர்ட் ரிலீஃப் என்ற அறப்பணிக்காக அமேசானில் 3,200 கிலோமீட்டருக்கு மேல் கயாக் ஓட்டினார்.

தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணிக்கணக்கை வைத்துப் போடுங்கள். சுமை ஏற்றிய கயாக் அசையாத நீரில் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் போகும். நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் இருந்தால் 8, 9 வரை வரும். ஆகவே ஓடும் ஆற்றில் நான்கு மணி நேரத்தில் முடிகிற 32 கிலோமீட்டர், அணையின் நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஆறு மணி நேரம் கேட்கும், எதிர்க்காற்று வீசினால் அன்றைக்கு முடியவே முடியாது. நாளுக்கு ஆறு மணி நேரத் துடுப்பு, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அதற்கு மேல் மூன்று நாளாவது கைவசம் உபரி. இதற்குள் அடங்கும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம்.

எனக்குக் கயாக் ஓட்டவே தெரியாது. முடியுமா?

முடியும், இந்த வருடமே போக வேண்டும் என்று அவசரப்படாவிட்டால். பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் கற்க வேண்டியது கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவது: படகுக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி இருக்கையின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்பக்க வளையத்தைப் பிடித்து, முதலில் முன்னே தள்ளி, அப்புறம் மேலே இழுத்து, கால்களை உருவிக்கொண்டு வர வேண்டும். தலைகீழாகத் தண்ணீருக்குள், மூக்கில் நீர் ஏற, கண் தெரியாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதால் கை தானாக வளையத்துக்குப் போகும்வரை பழகுங்கள். முதல் தடவை நான் வளையத்தைத் தேடாமல் படகின் விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன், பயிற்சியாளர்தான் படகைத் திருப்பினார். நாலாவது தடவைதான் நிதானம் வந்தது.

கிளம்புவதற்கு முன் மூன்று நாள் சிறு பயணம் ஒன்றாவது, முழுச் சுமையோடு போய்வாருங்கள். காலிப் படகில் பழகியது சுமை ஏறிய படகில் செல்லாது.

எந்த மாதிரி கயாக்?

நீளமானது. 14 முதல் 17 அடி வரையிலான பயணக் கயாக், முன்னும் பின்னும் நீர் புகாத அறைகளோடு. குட்டையான படகு சட்டென்று திரும்பும், ஆனால் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை ஆட்டி உங்கள் உழைப்பைத் தின்றுவிடும். கனமான பொருட்களை அடியில், இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் அதுதான் முதலில் நடுவுக்கு வர வேண்டும். சுக்கான் இருந்தால் பக்கவாட்டுக் காற்றில் நிம்மதி. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. துடுப்பு மட்டும் எடை குறைவானதாகப் பாருங்கள், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அதைத் தூக்கப் போகிறீர்கள்.

இருபது நாள் துடுப்பு போட்டால் தோள் என்னாகும்?

எல்லாரும் தோளைக் கேட்கிறார்கள், ஆனால் முதலில் போவது மணிக்கட்டு. நான்காம் நாள் மாலை என் வலது கட்டைவிரலுக்குக் கீழே, முன்கைப் பக்கம், லேசான வீக்கம். மணிக்கட்டை மடக்கினால் உள்ளே காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் நறநறவென்றது, மேலே விரல் வைத்தால் அந்த அதிர்வு விரலுக்கே தெரிந்தது. தசைநார் உறை அழற்சி. துடுப்பை இறுக்கிப் பிடித்ததுதான் காரணம். தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பை இழுக்கும் கைக்கு விரல்களை வளைத்துக் கொக்கி போட்டால் போதும், மேலே தள்ளும் கையின் விரல்கள் திறந்தே இருக்கலாம். இது எனக்குத் தெரியும், ஆனால் களைப்பில் பிடி தானாக இறுகிவிடுகிறது. மறுநாள் தூரத்தைப் பாதியாக்கி, கட்டுப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை என் நண்பன் பின்னாலிருந்து “விரலைத் தளர்த்துடா” என்று குரல் கொடுத்து, அப்படித்தான் தப்பித்தேன்.

தோளைக் காப்பாற்றுவது இடுப்பு. கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பித் துடுப்பு போட வேண்டும். எந்தப் பக்கம் துடுப்பு இறங்குகிறதோ அந்தப் பக்கக் கால் பாதப்பலகையை மிதிக்க வேண்டும். சரியாகச் செய்தால் மாலையில் வயிற்றுப் பக்கத் தசைகளும் தொடையும் வலிக்கும்.

ஆற்றில் உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு?

முதலைக்கும் பாம்புக்கும் பயந்து எழுதுகிறார்கள். சில ஆறுகளில் அது நியாயமான பயம்தான், அங்கே அந்த ஆற்றைத் தெரிந்தவர் இல்லாமல் இறங்கக் கூடாது. ஆனால் எந்த நாட்டு ஆறானாலும் கயாக் ஓட்டுபவரைக் கொல்லக்கூடியவை இரண்டு: தடுப்பணையும் விழுந்த மரமும்.

தடுப்பணை பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஓரிரு மீட்டர் உயரம், வழவழவென்று தண்ணீர் வழிகிறது, அவ்வளவுதான். ஆனால் விழுகிற நீர் அடிக்குப் போய்ச் சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பில் திரும்ப அணைச்சுவரை நோக்கியே ஓடிவருகிறது. அதில் மாட்டியவரைக் கீழே இழுத்து, மேலே விட்டு, மறுபடி சுவருக்குக் கொண்டுபோகும். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டின் மிதப்பும் குறைந்துவிடும். மேலிருந்து வருபவருக்கு அணை கண்ணுக்கே தெரியாது. பதினோராம் நாள் காலையில் எங்களுக்கு முன்னால் ஆறு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் முடிந்தது, அந்தக் கோட்டுக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது, அடிமரம் இல்லை. நீரின் சத்தமும் அவ்வளவாக இல்லை. வரைபடத்தில் அந்த அணையைக் குறித்து வைத்திருந்ததால் முன்பே இடது கரைக்கு ஒதுங்கியிருந்தோம். 400 மீட்டர் தூரம் படகுகளையும் பைகளையும் மாற்றி மாற்றிச் சுமந்து கீழே கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கவே கூடாது.

விழுந்த மரம் வெளி வளைவுகளில் கிடக்கும், ஏனென்றால் நீரோட்டம் அங்கேதான் கரையை அரிக்கிறது, ஆழமும் வேகமும் அங்கேதான். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது, பின்னாலிருந்து ஆறு அழுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே வளைவு வரும் முன்பே உள்பக்கம் ஒதுங்குங்கள். தப்பவே முடியாமல் நீந்துகிற நிலையில் மரத்தை நோக்கிப் போகிறீர்கள் என்றால், கால்களை முன்னே நீட்டாதீர்கள். குப்புறத் திரும்பி மரத்தை நோக்கியே வேகமாக நீந்தி மேலே தாவி ஏற வேண்டும். மற்ற நேரத்தில், ஓடும் நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் மேலே, நீரோட்டத் திசையில். முழங்காலுக்கு மேல் ஓட்டமுள்ள நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஆறு உங்களைக் குனிய வைத்து அமுக்கிவிடும்.

சிறு பாறைகளை நீரே காட்டிக்கொடுக்கும். அலைக்கோடுகள் கூர்மையாகச் சேரும் முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி, முனை உங்களை நோக்கி இருந்தால் அதன் அடியில் பாறை.

நன்றாக நீந்துவேன், லைஃப் ஜாக்கெட் தேவையா?

தேவை. எப்போதும், பூட்டிய நிலையில். குளிர்ந்த நீரில் விழுந்தவர்களைப் பற்றி மீட்புப் பணியாளர்கள் 1-10-1 என்று சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு எத்தனை பெரிய நீச்சல்காரருக்கும் கை மடங்காது. ஜாக்கெட் இருந்தால்தான் மீதி ஐம்பது நிமிடம் கிடைக்கும்.

சாப்பாடு, குடிநீர், தூக்கம்?

சாப்பாட்டில் புதுமை வேண்டாம், வீட்டில் சாப்பிட்டுப் பழகியதைக் கொண்டுபோங்கள், வழக்கத்தைவிட அதிகமாக. ஆற்று நீரை வடிகட்டி, அப்புறம் கொதிக்க வைத்தோ குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ் 2011இல் இதே போல நன்கொடைக்காகத் தேம்ஸ் ஆற்றில் எட்டு நாளில் சுமார் 225 கிலோமீட்டர் நீந்தினார், நடுவில் வயிற்றுக்கோளாறும் காய்ச்சலும் வந்து அவதிப்பட்டார். கையில் சின்ன வெட்டு இருந்தால்கூட நீர்புகாத கட்டுப் போடுங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ‘ஆற்றில் இருந்தேன்’ என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தெரியாமல் நழுவிவிடும்.

தூங்குவதற்கு நீர்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்த இடம். மேலே அணை இருந்தால் வானம் தெளிவாக இருக்கும் இரவிலும் நீர் திறந்துவிடுவார்கள். படகை எவ்வளவு மேலே ஏற்றி வைத்தாலும் கயிறு போட்டு மரத்தில் கட்டுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போக மாட்டேன், என் பரிந்துரையும் வேண்டாம் என்பதே. செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் செயற்கைக்கோள் தகவல் கருவி ஒன்று ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். படகில் வைத்தால் படகு போகும்போது அதுவும் போய்விடும்.

நான் கொடுக்கும் பணத்தில் உங்கள் பயணச் செலவும் அடக்கமா?

இல்லை. படகு, போக்குவரத்து, சாப்பாடு, கருவிகள் எல்லாம் எங்கள் சொந்தக் காசு. நன்கொடை எங்கள் கைக்கு வராமல் நேராக இல்லத்தின் கணக்குக்கே போனது. இணைய வழியில் பணம் வாங்கிக்கொடுக்கும் நிறுவனத்தின் கட்டணம் எவ்வளவு கழியும் என்பதை எங்கள் நன்கொடை இணையப் பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டோம், கடைசியில் தெரிந்தால் ஏமாற்றியது போலாகும். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாலாக மடித்த நோட்டைப் படகுக்குள் வைத்தார், பெயர்கூடச் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பணத்தை அன்றிரவே இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படம் எடுத்து இல்லத்துக்கு அனுப்பினோம்.

செலவுக்கும் உதவி வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அதற்குத் தனியாகக் கேளுங்கள், தனிக் கணக்கு வையுங்கள், இரண்டையும் ஒரே உண்டியலில் போடாதீர்கள்.

எந்த அமைப்புக்குத் திரட்டுவது, எப்படிக் கேட்பது?

உங்கள் வீட்டுக்குள் வந்துபோன ஒரு வேதனைக்கு. மற்றவர் சொன்ன காரணத்துக்காக இருபது நாள் துடுப்பு போட முடியாது. பெயரைப் பயன்படுத்தும் முன் அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அவர்களுக்கு என்ன தேவை என்றும் கேளுங்கள். நான் காற்று மெத்தைகளுக்காகத் திரட்டுவதாக நினைத்துக்கொண்டு போனேன். படுக்கைப்புண் வராமல் மாறி மாறிக் காற்றேறும் மெத்தை அது, அப்பா படுத்திருந்ததன் சின்ன மோட்டார் இரவெல்லாம் முனகிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் இல்லத்தில் சொன்னார்கள்: மெத்தை வாங்கித்தர ஆட்கள் வருவார்கள், இரவுப் பணிச் செவிலியருக்குச் சம்பளம் தரத்தான் யாரும் வருவதில்லை. அதையே பக்கத்தில் எழுதினோம். எதற்குத் தேவையோ அதற்குச் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று நிபந்தனையில்லாமல் தரும் பணம்தான் இப்படிப்பட்ட இடங்களை நடத்துகிறது.

கேட்பதற்கு முதலில் நெருங்கியவர்களிடம் போங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் தயக்கம். பொதுவாக எல்லாருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பதில் வரும்.

பாதியில் நிறுத்த நேர்ந்தால்? பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பதினாறாம் நாள் மாலை, நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் குச்சியைக் காணவில்லை, துழாவிப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. மேலே எங்கேயோ மழை. ஆறு செம்மண் நிறத்தில், முழு மரங்களை உருட்டிக்கொண்டு போனது. “இன்னைக்கு வேண்டாம்டா” என்றான் நண்பன். எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது. முழுத் தூரத்தையும் முடித்தால் இரண்டு மடங்கு தருவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார், நன்கொடைப் பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் பெயர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு. சொந்தச் சுற்றுலாவாக இருந்தால் அந்தத் தண்ணீரைப் பார்த்த கணத்தில் படகைத் திருப்பிப் போட்டிருப்பேன். அடுத்தவர் பணமும் நல்ல காரியம் என்ற நினைப்பும் சேர்ந்துதான் என்னை அந்த வெள்ளத்தில் இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தன. நன்கொடைப் பயணத்தில் தடுப்பணையையும் மரத்தையும்விட நான் பயப்படுவது இதற்குத்தான்.

நண்பன் அசையவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம், நீர் இறங்கவில்லை, மூன்றாம் நாள் ஒரு வண்டி பிடித்து 28 கிலோமீட்டரைச் சாலையில் தாண்டி, ஆறு அகன்று வேகம் தணியும் இடத்தில் மறுபடி இறங்கினோம். அன்றிரவே நடந்ததை அப்படியே எழுதினேன், பணம் திரும்ப வேண்டுபவர்கள் சொல்லலாம் என்றும் எழுதினேன். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மடங்கு சொன்னவர் முதல் தொகையை மட்டும் கொடுத்தார், அது அவர் உரிமை, அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகவே ‘முடித்தால் தருகிறேன்’ என்ற வாக்கை இனி வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பவரிடமும் ஓர் உச்சவரம்பு பேசிக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நன்கொடைப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே ‘ஆறு அனுமதிக்கும் தூரம் வரை போவோம், எங்கே நிறுத்தினாலும் உங்கள் பணம் முழுதாக இல்லத்துக்குப் போகும்’ என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்று காலை எனக்கு யோசிக்க வேண்டியிருந்திருக்காது.

அனுமதி, காப்பீடு?

ஆற்றுக்கு ஆறு, நாட்டுக்கு நாடு மாறும். அணை நிர்வாகம், கப்பல் போக்குவரத்து நிர்வாகம், வனத்துறை மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். காப்பீட்டில் கயாக் பயணமும் மீட்புச் செலவும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கயாக்கை இரவல் தருவீர்களா?

தருவேன். வாடகை வேண்டாம், மூன்று பேர் ஏற்கெனவே கொண்டுபோய்த் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் மட்டும் கேட்பேன். என் கண்முன்னே நீங்கள் மூன்று முறை கவிழ்ந்து வெளியே வர வேண்டும். அப்புறம் ஒரு தாளில், என்னென்ன நடந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க மாட்டீர்கள் என்று உங்கள் கையால் எழுதி, கூட வருபவரின் கையெழுத்தும் வாங்கி, ஒரு பிரதியை என்னிடமும் ஒரு பிரதியை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பின்பக்க அறையின் மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஈரக்கையால் திறக்க வராது, அதற்கு ஒரு துணித்துண்டு உள்ளேயே கட்டி வைத்திருக்கிறேன்.